விளக்கு வைக்கும் நேரத்துக்குள்

எங்கள் வேன் பயணங்களில் எடுத்த எந்தப் படத்திலும் அக்கா, பார்க்க வந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பின்னால் செஞ்சிக் கோட்டை இருக்கும். அல்லது செம்மண் பள்ளம் இருக்கும். அல்லது கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்துக் கிடக்கும். அவர் அதற்கு முதுகைக் காட்டி, வேன் நிற்கும் திசையைப் பார்த்தபடி நிற்பார். இடது மணிக்கட்டு சற்றே மேலே திரும்பியிருக்கும். வாட்சை உள்கைப் பக்கமாகக் கட்டுகிற பழக்கம் அவருக்கு.

வில்லியனூர் கடைத்தெருவில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கும் கடை அக்கா வீட்டாருடையது. கடைக்குப் பின்னால் ஒரு சந்து தள்ளி வீடு. அதன் மாடியில் நான் சில ஆண்டுகள் குடியிருந்தேன். புதுச்சேரியில் ஒரு நாளிதழில் எனக்கு இரவுப் பணி. குடிவந்த புதிதில் ஒருநாள் மாடிப்படியின் கீழே நின்று கேட்டார்.

"பகல்ல இன்னாம்மா பண்ற?"

"தூங்குவேன்க்கா."

"புதன்கெழம தூங்காத. வேன்ல ஒரு சீட்டு காலியா கீது."

புதன்கிழமைக்குக் காரணம் இருந்தது. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கறிக்குழம்பு கேட்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் பூசை. புதன் யாருக்கும் வேண்டாத நாள். கணவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அக்காவின் குரல் வரும். "நாளைக்கு ஏழரைக்கு வேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸாண்ட நிக்கும். வர்றவங்க சாப்பாடு கட்டிக்கினு வாங்க. யோசிக்கிறவங்க வூட்லயே யோசிங்க."

வருகிறவர்கள் எல்லோரும் கடைத்தெருக் குடும்பத்துப் பெண்கள். பாத்திரக் கடை, உரக் கடை, அரிசிக் கடை. அடகுக் கடை சேட்டின் மனைவியும் வருவார். அவர் விழுப்புரத்தில் பிறந்து வில்லியனூருக்கு வாழ வந்தவர். முக்காடு மட்டும்தான் ராஜஸ்தான். வாயைத் திறந்தால் எங்கள் எல்லோரையும்விட அவரிடம் 'இன்னா' அதிகம்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கோயில் இருக்கும். வீட்டில் சொல்வதற்கு அது வேண்டும். கோயிலில் தேங்காய் உடைத்து, பிரசாதம் வாங்கி, வேனில் ஏறியதும் அக்கா டிரைவரிடம் நிஜமான இடத்தைச் சொல்வார். அந்த இடம் எப்போதும் வறண்டதாக இருக்கும். திருவக்கரையில் காளி கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். சற்றுத் தள்ளி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கல்லாகிவிட்ட மரங்கள் செம்மண்ணில் கிடக்கும் பூங்காவுக்கு ஈ காக்கை வராது. எங்கள் வேன் அங்கே போகும். பொம்மையார்பாளையத்து மேட்டில் மழை அறுத்த செம்மண் பள்ளங்களுக்குப் போகும். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். பாத்திரக்கடைப் பெண் ஒருமுறை, பிள்ளைச்சாவடிப் பக்கம் இறங்கிக் காலை நனைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டாள்.

"தண்ணிய பாக்கவா வேன் வெச்சேன்?" என்றார் அக்கா. "ஏரி, வாய்க்கா, வயலு, கரும்பு. பொறந்ததுலேர்ந்து பச்சையத்தான் பாக்கறோம். ஒண்ணுமே மொளைக்காத எடம் எப்டி இருக்கும்னு பாக்க வேணாமா?"

அவர் கணவர் இதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கல்லைப் பாக்க வேன் வெச்சிக்கினு போறாங்களாம். கடைக்கு எதிர்ல ஒரு லோடு சல்லி கொட்டி கீது. ஒரு சேரைப் போட்டு உக்காந்து பாரேன், டீசல் மிச்சம்."

"அதுக்குப் பக்கத்துல நீ உக்காந்து கீறியே," என்பார் அக்கா.

இப்படிப் பேசுகிறவர், போன இடத்தில் வேறு ஆளாகிவிடுவார். இறங்கியதும் நிழலைத் தேடிச் சாப்பாட்டுத் தூக்குகளை வைப்பார். எங்களைப் போய்ப் பார்க்கச் சொல்வார். பிறகு வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நின்றுகொள்வார். அவருடைய கணக்கில் நேரம் வந்ததும் ஒரே சொல்தான். "கெளம்பலாமா?"

அது கேள்வி இல்லை என்பது முதல் பயணத்திலேயே புரிந்துவிடும்.

செஞ்சியில் ராஜகிரி மலை ஏறியதை யாரும் மறக்கவில்லை. கோயிலில் கூட்டம் இருந்ததால் ஏறத் தொடங்கவே தாமதம். வெயில் பாறையிலிருந்து மேலே அடித்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து, அதன்மேல் ஒரு சிறிய பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் கோட்டை. பாலத்துக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். மேலே சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கின் முகம்கூடத் தெரிந்தது.

"கெளம்பலாமா?"

"அக்கா, இன்னா விளையாடறியா?" என்றார் சேட்டு வீட்டு அம்மா. "அதோ கீது. அஞ்சு நிமிசம்."

"ஏற அஞ்சு நிமிசம். பாக்க அரை மணி. எறங்கும்போது எவளுக்காவது கால் புடிச்சிக்கும். திண்டிவனம் ரோட்ல லாரி நிக்கும்." சொல்லிக்கொண்டே இறங்கத் தொடங்கிவிட்டார். "மேல இன்னா கீதுன்னு கீழ போயி போன்ல பாத்துக்கங்க."

எல்லோரும் இறங்கினோம். முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினோம். உரக்கடைப் பெண் அதற்குப் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஸ்கூல் பிள்ளைகளை ஓட்டுவதுபோல் ஓட்டுகிறார் என்று கடைத்தெருவில் சொன்னதாகக் கேள்வி. அக்காவின் காதுக்கும் அது போயிற்று. "ஆமா, ஓட்டறேன்தான்," என்றார். அடுத்த புதனுக்கு வேறு ஆள் வந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கே தொடங்கியது என்று எனக்குச் சொன்னது சேட்டு வீட்டு அம்மாதான்.

முதன்முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை போயிருக்கிறார்கள். திருவக்கரைக்கு. திரும்பும்போது பத்துக்கண்ணு அருகே டயர் வெடித்திருக்கிறது. மாற்று டயரும் சரியில்லை. வில்லியனூருக்குள் வேன் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அரிசிக் கடைத் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, ஒரு வீட்டைத் தவிர. அது அரிசிக் கடைக்காரர் வீடு. சாமி விளக்கு மட்டுமல்ல, டியூப்லைட், வாசல் பல்பு எதுவும் எரியவில்லை. இருட்டில் வாசல்படியில் அந்த வீட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். பாகூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பதால் தெருவே அவரைப் பாகூர் அத்தை என்றுதான் கூப்பிடும். மருமகள் சுகுணா வேனிலிருந்து இறங்கினாள். கல்யாணமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா வெளக்கு வைக்க ஆள் இல்லாத வூடு இதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னு உக்காந்து கீறேன்," என்றாராம் பாகூர் அத்தை. சத்தம் போடவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். சுகுணா இருட்டில் தட்டுத்தடுமாறித் தீப்பெட்டி தேடியது தெருவில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

அதன்பிறகு சுகுணாவை அனுப்பவில்லை. ஒரு வீடு நிறுத்தியதும் மற்ற வீடுகளும் யோசித்தன. பல மாதம் வேனே இல்லை. கடைசியில் அக்கா தனியாகப் பாகூர் அத்தையிடம் போனார். அங்கே பேசியதைப் பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சேட்டு வீட்டு அம்மா கேட்டிருக்கிறார்.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்க மருமவ உங்க வாசல்ல நிப்பா. ஒருநாள் நிக்கலன்னாலும், அதோட நான் வேன் வைக்கறத நிறுத்திடறேன். யாருக்குமே வேணாம்."

பாகூர் அத்தை அக்காவின் வாட்சைக் காட்டி, "ஆறு மணி," என்றாராம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இது தெரிந்த பிறகு செஞ்சி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அந்தப் பாலத்தின் முன் அவர் எடைபோட்டது ஒரு கோட்டையையும் அடுத்து வரப்போகும் எல்லாப் புதன்கிழமைகளையும். பத்திரிகையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். எவ்வளவு நல்ல செய்தியானாலும் பக்கம் அச்சுக்குப் போகும் நேரம் தாண்டினால் அதற்கு இடம் இல்லை.

ஆனாலும் ஒன்று எனக்கு இன்றும் தொந்தரவாக இருக்கிறது. மயிலம் போய்த் திரும்பிய ஒருநாள். சுகுணாவின் தாய்வீடு அந்த ரோட்டிலேயே, ஒரு புளியமரத்தைத் தாண்டி. அம்மாவைப் பார்த்து ஆறு மாதமாகிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். திரும்பும்போது கேட்டாள்.

"அக்கா, ரெண்டே நிமிசம். எறங்கி ஒரு பார்வை பாத்துட்டு ஏறிடறேன்."

அக்கா வாட்சைப் பார்த்தார். மயிலத்தில் ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது. "ரெண்டு நிமிசத்துல எந்த அம்மா பொண்ண விடுவாடி? உள்ள கூப்புடுவா, காபி போடுவா." டிரைவரிடம் திரும்பினார். "நிறுத்தாதப்பா. மெதுவா போ."

சுகுணா போன் செய்திருந்ததால் அந்த அம்மா ரோட்டோரத்தில் காத்திருந்தார். வேன் நிற்கும் என்று நினைத்தவர், அது நிற்காமல் ஊர்வதைப் பார்த்துக் கூடவே நடந்தார். பிறகு கொஞ்சம் ஓடினார். ஜன்னல் வழியாக ஒரு பையை உள்ளே தள்ளினார். நிலக்கடலை, மண்ணோடு. மகளின் கையை ஜன்னல் கம்பிமேல் ஒருமுறை அழுத்திவிட்டு நின்றுவிட்டார். அக்கா முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சுகுணா ஆறு மணிக்கு முன் வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. பாகூர் அத்தை அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அடுத்த புதன் சுகுணா வந்தபோது, மாமியார் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி அவித்த கடலையை எல்லோருக்கும் கொடுத்தாள்.

பாலைவனம் பேச்சில் வந்தது சேட்டு வீட்டுக் கல்யாணத்தால். மகளுக்கு ஜெய்சல்மேர் பக்கத்தில் அவர்களுடைய சொந்த ஊரில் பிப்ரவரிக் கடைசியில் கல்யாணம். சேட்டும் மனைவியும் தாம்பாளத்தோடு வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். கடைத்தெருவில் சேட்டு நேரில் வந்து அழைத்தால் மறுப்பது கஷ்டம். ஆண்கள் கடையைக் காரணம் காட்டிப் பெண்களை அனுப்பச் சம்மதித்தார்கள். பாகூர் அத்தை மட்டும் ஒருநாள் முழுக்கப் பதில் சொல்லவில்லை. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"முட்டி நல்லா இருந்தா நானே போயிருப்பேன்," என்றார். "அனுப்பறேன். ஆனா தெனம் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் வூட்டாண்ட வந்து சேர்ந்துட்டோம்னு போன் வரணும். கண்காணாத ஊரு."

"வரும் அத்த."

வேன் ரயிலாயிற்று, மற்றதெல்லாம் அப்படியேதான். கல்யாண வீட்டில் பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை. காலையில் ஜீப்பில் கிளம்புவோம், மாலை ஆறுக்குள் திரும்பிவிடுவோம். மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். கூரையில்லாத வீடுகள் மட்டும் வரிசையாக நிற்கும், ஆளில்லாத ஓர் ஊரைப் பார்த்தோம். முள்செடியைத் தவிர எதுவும் முளைக்காத வெட்டவெளியில் மதியம் புளிசாதம் சாப்பிட்டோம். அக்கா அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு புல்லு இல்லடி," என்று சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டு மணிக்கட்டைத் திருப்பினார். ஆறு மணிக்கு அறையின் மூலையில், ஊரிலிருந்து கொண்டுவந்த சிறிய விளக்கை ஏற்றிவிட்டுப் பாகூர் அத்தைக்குப் போன் செய்வார்.

மணல்மேடுகள் மட்டும் பாக்கி. அங்கே எல்லோரும் மாலையில்தான் போவார்கள், சூரியன் இறங்குவதைப் பார்க்க. ஜீப் டிரைவர் தினமும் சொன்னார், அக்கா தினமும் தலையாட்டி மறுத்தார். கல்யாணம் முடிந்து, மறுநாள் ரயில் என்று இருந்தபோது சேட்டு வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊருக்கு வந்து மணலைப் பாக்காம போனா எங்க வூட்டுக்காரரு மானம் போவும்க்கா. ரயில் டிக்கெட்ட கிழிச்சிடுவேன், பாத்துக்க."

அக்கா வெகுநேரம் யோசித்தார். கடைசியில், ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறிவிட வேண்டும், ஜீப்பிலிருந்தே போன் செய்துகொள்ளலாம் என்று இறங்கி வந்தார்.

போனோம். மணல் என்றால் நாங்கள் நினைத்ததுபோல் ஆற்றுமணல் இல்லை. மாவு சலித்ததுபோல், காற்று போட்ட வரிகளோடு, கண் போகிற தூரம்வரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். பாத்திரக்கடைப் பெண் உச்சியிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து, மறுபடி ஏறினாள். ஒட்டகத்தின்மேல் ஏறிய சுகுணா இறங்கமாட்டேன் என்றாள். அக்கா வழக்கம்போல் எங்களுக்கும் ஜீப்புக்கும் நடுவே, மேட்டின் பாதியில் நின்றுகொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தது.

"கெளம்பலாமா?"

மணி ஆறு. ஆனால் வெயில் இருந்தது. எங்கள் நிழல்கள் நீண்டு கிடந்தன, சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே மஞ்சளாக நின்றது. ஊரில் ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். இந்த ஊர் அவ்வளவு மேற்கே என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஜீப்புகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. வருகிறவர்கள் மேலே ஏற, நாங்கள் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். எங்கள் டிரைவர் ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

சுகுணாவை ஒட்டகத்திலிருந்து இறக்கிக் கூட்டிவருவதற்குள் ஆறேகாலாகிவிட்டது. அப்போது அவள் போன் அடித்தது. வீடியோ கால். அக்கா முந்துவதற்குள் பாகூர் அத்தையே கூப்பிட்டுவிட்டார். திரை இருட்டாக இருந்தது. அதன் நடுவில் ஒரு விளக்குச் சுடரும், அதற்குப் பின்னால் அத்தையின் பாதி முகமும் தெரிந்தன.

"இன்னாடி, வூட்டுக்கு வந்தாச்சா?"

"இதோ அத்த, கெளம்பிட்டோம். ஜீப்ல ஏறப் போறோம்."

"அது இன்னாது பின்னால, லைட்டா?"

"வெயில் அத்த."

"வெயிலா? இங்க வெளக்கு வெச்சாச்சுடி. இருட்டிக்கினு வருது." முகம் திரைக்கு அருகில் வந்தது. பிறகு பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டது. "டேய், இங்க வந்து பாருடா, அங்க இன்னும் பொழுதே போவல! திருப்பிக் காட்டுடி. அது இன்னாது, மணலா? எல்லாமே மணலா?"

அதற்குள் படம் உறைந்துவிட்டது. மேட்டின் அடியில் சிக்னல் இல்லை. சுகுணா இரண்டு எட்டு மேலே ஏறினாள். அத்தை மறுபடி உயிர்பெற்றார். "நல்லா காட்டு. மேல போயி காட்டு." சுகுணா அக்காவைப் பார்த்தாள். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"அத்த, மணி ஆறு தாண்டிடுச்சி. நான் சொன்ன சொல்லு—"

"ஆறானா இன்னாடி? எங்க வூட்டு வெளக்கு நான் வெச்சிட்டேன். உங்க வூட்டு வெளக்கு உன் வூட்டுக்காரரு வெச்சிட்டாரு. இப்பதான் பாத்துட்டு வரேன். திரிய இவ்ளோ நீளம் இழுத்து வுட்டு கீறாரு, வூடெல்லாம் பொகை." வேனில் சிரிப்பதுபோல் எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. "நீ யாருக்கு ஓடற? அங்க பொழுது சாயறப்ப அங்க வெளக்கு வையி. போ, மேல போயி காட்டு. அது உள்ள போறவரைக்கும் நான் பாக்கணும்."

அக்கா செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஏறத் தொடங்கினார். போனை எதிரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, மணல் சரியச் சரிய, ஒரு கையை ஊன்றி ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். உச்சியில் உட்கார்ந்து போனை மேற்கே திருப்பினார். அதைப் பிடித்திருந்ததால் அவரும் மேற்கேதான் பார்க்க வேண்டியிருந்தது.

சூரியன் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாயிற்று. அடிப்பக்கம் சற்றுத் தட்டையாயிற்று. மணலின் வரிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் கறுப்பாகவும் பிரிந்தன.

"இவ்ளோ நேரம் எடுக்குமா அது?" என்று அக்கா கேட்டார், யாரிடம் என்றில்லாமல்.

"இன்னாக்கா, பாத்ததே இல்லியா?" என்றார் சேட்டு வீட்டு அம்மா.

"அந்நேரம் நான் எங்கடி வெளிய இருந்தேன்? சாமி ரூம்ல இருப்பேன். திரி திரிச்சி வெளக்கேத்திட்டு வந்து பாத்தா இருட்டி இருக்கும்." போனைப் பார்த்துக் கேட்டார். "நீங்க பாத்து கீறீங்களா அத்த?"

சில்லென்று மணல் காற்று அடித்தது.

"இல்லியேடி," என்றார் பாகூர் அத்தை.

கடைசி விளிம்பும் மணலுக்குள் போயிற்று. சுற்றிலும் ஆட்கள் கைதட்டிவிட்டு எழுந்து, மணலை உதறினார்கள். ஜீப்புகள் கிளம்பும் சத்தம் கேட்டது. நாங்களும் பழக்கத்தில் எழுந்தோம். சுகுணா போனுக்காகக் கை நீட்டினாள்.

"அத்த, போய்டுச்சி. வெச்சிடட்டுமா?"

அக்கா போனைத் தரவில்லை. மணிக்கட்டையும் திருப்பவில்லை. மணலில் இன்னும் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டு மேற்கே பார்த்தபடியே சொன்னார்.

"இருங்கடி. இன்னும் வெளிச்சம் கீது."